வில்லுக்கு 15 நிமிடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கலை ஒட்டி நகரங்களில் நடந்த நாட்டுப்புறக் கலைவிழாக்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும் படங்களையும் பார்த்தேன். படங்கள் அருமை. கரகம் அசையாமல் தரையிலிருந்து ரூபாய் நோட்டை எடுக்கும் அந்த அம்மாவின் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். கட்டுரையில் ஒரு வரிதான் உறுத்தியது. மேடை கிடைத்துவிட்டதால் இந்தக் கலைகள் இனிப் பிழைத்துக்கொள்ளும் என்று முடித்திருக்கிறீர்கள். மேடை கிடைத்தது உண்மை. நேரம் கிடைத்ததா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில் ஒரு கிராமத்துக்காரன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்க் கொடையின், அதாவது கோயில் திருவிழாவின், வரவு செலவு நோட்டும் 20 வருடத்துக்கு மேலாக என் கையில்தான் இருக்கிறது. பழைய நோட்டுகளைப் புரட்டினால் செலவுப் பக்கத்தின் முதல் வரி 'வில்லு அட்வான்ஸ்', அதாவது வில்லுப்பாட்டுக் குழுவுக்கு முன்பணம், என்றிருக்கும். மேளம், பந்தல், பூ எல்லாம் அதற்குக் கீழேதான். இப்போதைய நோட்டில் முதல் வரி ஒலி ஒளி; இரண்டாவது இன்னிசைக் கச்சேரி. வில்லு பொங்கலுக்கு வாங்கிய வெல்லத்துக்குப் பக்கத்தில் எங்கோ ஒதுங்கிக் கிடக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டைப் பொழுது போவதற்காக வைப்பதில்லை. கொடைக்கு அதுதான் கடிகாரம். மதியக் கொடைக்குக் கதை எங்கே நிற்க வேண்டும், நள்ளிரவுச் சாமக் கொடைக்கு எங்கே வந்து சேர வேண்டும் என்பது கதையைப் பாடி நடத்தும் புலவருக்குத் தெரியும். பூசாரி அலங்காரத்தில் தாமதித்தால் புலவர் கதையில் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்து, இலையில் வைத்த கறி வகைகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கிவிடுவார். சாமியாடியின் முகம் மாறுவதைக் கண்டால் சாப்பாடு பாதியிலேயே முடிந்துவிடும். வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் வேகம் பிடிக்கும், உடுக்கை நெருங்கும், குடத்தின் வாயில் விழும் அடி நெஞ்சுக்குள் கேட்கும். சுடலை வேட்டைக்குக் கிளம்புகிற நேரமும் கதையில் அந்தக் கட்டமும் ஒன்றாக வந்து சேரும். காலமெல்லாம் கணக்குப் பார்த்த எனக்கே அந்தக் கணக்கு பிடிபட்டதில்லை.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நெஞ்சுவலிக்காரர்களும் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் இரவு 7 முதல் 10 வரை கிடைக்கிற மூன்று மணி நேரத்தையும் இன்னிசைக் கச்சேரி எடுத்துக்கொள்கிறது. வில்லு மதியத்துக்குத் தள்ளப்படுகிறது. அப்போது பந்தலில் இருப்பவர்கள் காய் நறுக்குகிற பெண்களும், துண்டை விரித்துப் படுத்துவிட்ட பெரியவர்களும்தான். 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி இல்லாமல் பாடச் சொல்கிறோம். வில்லின் மணிச் சத்தம் அப்போதுதான் சரியாகக் காதில் விழுகிறது என்பது என் சொந்தக் கருத்து. மறுநாள் பேச்சு வராமல் சைகையில் காப்பி கேட்கும் புலவரிடம் அதைச் சொன்னதில்லை.

ஊரில்தான் இப்படி, நகர விழாவிலாவது பாடவிடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. சென்னையில் 2007-இல் தொடங்கிய சங்கமம் கலைவிழா சில ஆண்டுகள் நின்றுபோய் 2023-இல் மீண்டும் வந்ததையும், பூங்காவிலும் கடற்கரையிலும் டிக்கெட் இல்லாமல் பறையும் ஒயிலாட்டமும் பார்க்கக் கிடைத்ததையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. பறையைச் சாவு வீட்டோடு மட்டும் சேர்த்துப் பார்த்தவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்று அதைக் கேட்கிறார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில்கூட அதுதான் பேச்சு. இருந்தாலும் நான் கண்ணால் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் கொடைக்குப் பாடும் குழுவோடு நானும் வேனில் ஏறி ஒரு நகர விழாவுக்குப் போனேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். குழுவுக்கு ஒதுக்கிய நேரம் 15 நிமிடம். வில்லுக் கட்டவே அவ்வளவு நேரம் ஆகும். குடம் உருளாமலிருக்கப் புரிமணை போட்டு அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். நாணை இழுத்துப் பார்க்க வேண்டும். மைக் இரண்டுதான் கொடுத்தார்கள். குடத்துக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டதற்கு, "பானைக்கு எதற்கு மைக்?" என்றார் ஒலி அமைப்பாளர். போதாக்குறைக்குப் பாட்டுக்கு எக்கோ வேறு வைத்துவிட்டார். பிள்ளையார் காப்பு முடிந்து, வலத்தே பாடுகிறவர் ஓர் அடியை எடுத்து, இடத்தே இருந்தவர் அதை வாங்குவதற்கு வாய் திறக்கும்போது, இன்னும் இரண்டு நிமிடம் என்று மேடை ஓரத்திலிருந்து விரலைக் காட்டினார்கள். முத்துப்பட்டன் கதையைப் பாட வந்த புலவர் என் பக்கம் குனிந்து, "அண்ணாச்சி, முத்துப்பட்டன் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. எங்கே கொண்டுபோய் நிறுத்த?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாழி பாடி இறங்கிவிட்டார்கள். அதே விழாவில், வரத் தாமதமான சிறப்பு விருந்தினருக்காக நையாண்டி மேளக்காரர்கள் வாசலில் நின்று ஒரு மணி நேரம் வாசித்தார்கள். வரவேற்புக்கு இருக்கிற நேரம் பாட்டுக்கு இல்லை.

இந்தக் காலத்தில் சுருக்கினால்தான் கேட்பார்கள், சுப்பு ஆறுமுகம் சுருக்கவில்லையா என்று என் மருமகனே கேட்கிறார். எங்கள் நெல்லைச் சீமையிலிருந்து போய்ச் சென்னையில் வில்லை நிலைநிறுத்தியவர் அவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று மறு ஆண்டு மறைந்தார். வானொலிக்கும் சபாவுக்கும் தகுந்தாற்போல் அவரே எழுதி, அவரே அளவெடுத்துப் பாடினார். அது தைத்த சட்டை. விழா நடத்துகிறவர்கள் கேட்பது வேட்டியைக் கிழித்துக் கைக்குட்டையாகக் கொடு என்பது.

சரி, குறை மட்டும் சொல்லி என்ன பயன்? எங்கள் ஊரிலும் கலையரங்கம் ஒன்று இருக்கிறது. கட்டிக்கொடுத்தவர் பெயர் மேலே பெரிதாக எழுதியிருக்கும். கீழே நெல் காயும், ஆடு படுத்திருக்கும். கொடைகள் இல்லாத கார்த்திகையில் மூன்று சனிக்கிழமைகள் அதைக் கழுவிவிட்டு மாலை 6 மணி முதல் 9.30 வரை வில்லு வைத்தோம். முத்துப்பட்டன் கதையை மூன்று மாலைகளாகப் பிரித்துப் பாடினார்கள். வேன் வாடகையும் சம்பளமும் கொடை மிச்சத்திலிருந்து அன்றன்றைக்கே கையில் கொடுத்தோம். காசோலை பின்னால் வரும் என்று எவரிடமும் சொல்லவில்லை. முதல் வாரம் கூட்டம் சுமார். பட்டனைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுப் போனதால் அடுத்த வாரம் பாய் விரிக்க இடமில்லை.

குழு ஏறுவதற்கு முன் அரைமணி நேரம் யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று வைத்திருந்தோம். பிள்ளைகள் சினிமாப் பாட்டுத்தான் பாடினார்கள், நாங்கள் தடுக்கவில்லை. இரண்டாவது வாரம், நடவுக்குப் போகிற ஓர் ஆச்சியைப் பேத்திமார் மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். மைக் முன்னால் நிமிர்ந்து நின்றவருக்கு ஒரு வரிகூட வரவில்லை. இறங்கிவிடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்று நடுவதுபோல் குனிந்தார். குனிந்ததும் பாட்டு வந்துவிட்டது. ஒரு பையன் மைக்கைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவர் பின்னால் நகர நகரத் தானும் நகர்ந்தான். கீழே இருந்த பெண்கள் குலவை இட்டார்கள். இதையெல்லாம் 15 நிமிடத்தில் எப்படி ஐயா வரவழைப்பது?

நகர விழா வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அதற்காகச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வொரு ஒன்றியத்திலும் பூட்டிக் கிடக்கும் கலையரங்கங்களில் மாதம் ஒரு மாலை கூத்தோ வில்லோ முழுதாக நடக்கும்படி கலை பண்பாட்டுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். நலவாரிய அட்டை வைத்திருக்கிற கலைஞர்களில் பலர் கொடையில்லா மாதங்களில் மூட்டை தூக்கப் போகிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு மாலையின் சம்பளம் பெரிது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தங்கள் இதழில் வாரந்தோறும் வரும் நிகழ்ச்சிப் பட்டியலில் சபாக் கச்சேரிகளும் புத்தக வெளியீடுகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள் அனுப்பினால் அதன் கீழே இரண்டு வரி போடுவீர்களா? இந்தக் கார்த்திகைக்கு மீண்டும் வைக்கிறோம். ஊர், நாள், கதையின் பெயர், எந்தப் பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும் என்பதை மட்டும் தபால் அட்டையில் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கொடைக் கணக்கு எழுதும் ஒரு வாசகன்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.