தகவல் அழிகிறது என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் குவாண்டம் கேயாஸ் (நுண்துகள்களின் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் வேகமாகப் பெருகி அமைப்பு முழுதும் பரவுவது) பற்றி வெளியான கட்டுரையை, கோத்தகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் நான், வகுப்பில் வாசித்துக் காட்டினேன். இத்தகைய பொருளைத் தமிழில் தர முன்வந்ததற்கு மனமார்ந்த நன்றி. ஆயினும் கட்டுரை நெடுகிலும் ‘தகவல் அழிகிறது’ என்றே எழுதப்பட்டிருந்தது. குவாண்டம் அமைப்பு எப்படி மாறிச் செல்லும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் காலத்தில் பின்னோக்கியும் ஓட்டலாம் என்று முந்தைய நாள்தான் நடத்தியிருந்தேன். அப்படியானால் எதுவும் எப்படி அழியும் என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டதே சரி.

இங்கே நிகழ்வதற்கு ஆங்கிலத்தில் ஸ்கிராம்ப்ளிங் என்று பெயர்; அதன் பொருள் அழிவு அல்ல, கலப்பு. எங்கள் ஊரில் சிறு விவசாயிகளின் பசுந்தேயிலை மூட்டை மூட்டையாக எடை போடப்பட்டு, தொழிற்சாலையின் வாட்டும் தொட்டியில் ஒன்றாகப் பரப்பப்படுகிறது. அதன் பிறகு எந்த மூலையில் ஒரு பிடி அள்ளினாலும் அது யார் தோட்டத்துக் கொழுந்து என்று சொல்ல இயலாது. ஆனால் ஓர் இலைகூடக் காணாமற்போகவில்லை. குவாண்டம் அமைப்பில் நிகழ்வது இதைவிட நுட்பமானது. இலையாவது தொட்டியில் ஏதோ ஓரிடத்தில் கிடக்கும். அங்கே தகவல் எந்தத் தனித் துகளிடத்தும் இராமல், எண்ணற்ற துகள்களுக்கு இடையிலான பிணைப்பில் மட்டுமே தங்கியிருக்கும். ஒரு பகுதியை மட்டும் அளப்பவருக்கு அது இல்லாதது போலவே தோன்றும்.

2007இல் ஹேடன், பிரெஸ்கில் என்னும் இயற்பியலாளர்கள் செய்த கணக்கை இங்கே குறிப்பிட வேண்டும். குவாண்டம் விதிகள் கருந்துளைக்கும் பொருந்தும் என்று கொண்டால், கதிர்வீச்சாகக் கசிந்து பாதிக்கு மேல் ஆவியாகிவிட்ட கருந்துளைக்குள் ஒரு குறிப்பை எறிந்தாலும், அதுவரை வெளிவந்த கதிர்வீச்சு முழுவதையும் கைவசம் வைத்திருப்பவர், கலப்பு முடிந்த பின் குறிப்பின் அளவைவிடச் சற்றே கூடுதலான கதிர்வீச்சு வெளிவந்ததும் அதை மீட்டுவிட முடியும். சூரியனின் நிறையுள்ள கருந்துளையில் கலப்புக்கு ஆகும் நேரம் சில மில்லி வினாடிகளே. அழிந்துபோன ஒன்றை எவராலும் மீட்க முடியாதல்லவா?

இந்தக் கலப்பின் வேகத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. மால்டசேனா, ஷென்கர், ஸ்டான்ஃபோர்டு ஆகிய மூவரும் 2015இல் நிறுவிய அந்த வரம்பை வெப்பநிலை ஒன்றே தீர்மானிக்கிறது. உறைபனி விழும் எங்கள் ஜனவரி இரவின் 0 டிகிரி செல்சியஸை வைத்துக் கரும்பலகையில் கணக்கிட்டோம்: ஒரு சிறு அசைவின் தாக்கம் ஏறத்தாழ 2.7 மடங்காகப் பெருகுவதற்குக் குறைந்தது 4.45 ஃபெம்டோ வினாடி ஆகும் (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது வினாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு).

கட்டுரையின் மற்றொரு பிழை, கன்ஃபார்மல் புலக்கோட்பாடுகள் அனைத்துமே கேயாஸ் உடையவை என்பது. அளவை இடத்துக்கு இடம் மாற்றினாலும் கோணங்கள் மாறாதவரை விதிகளும் மாறாதிருக்கும் கோட்பாடுகள் இவை. காலவரிசை மாற்றி அடுக்கிய தொடர்புச் சார்பு, அதாவது 1969இல் லார்கினும் ஓவ்சின்னிகோவும் மீகடத்தி ஆய்வில் கையாண்டதும் இன்று கேயாஸை அளக்க உதவுவதுமான அதே அளவுகோல், கேயாஸ் உள்ள இடத்தில் பூஜ்யத்தை நோக்கிச் சரியும். ஒரு கோட்பாட்டில் தனித்தனியே அசையக்கூடியவை எவ்வளவு என்பதைத் தோராயமாகக் காட்டும் சென்ட்ரல் சார்ஜ் என்னும் எண் மிகப் பெரிதாகவும், ஈர்ப்புக் கோட்பாட்டுக்கு இணையாகவும் உள்ள இருபரிமாணக் கோட்பாடுகளில் அது அவ்வாறே சரிவதை ராபர்ட்ஸும் ஸ்டான்ஃபோர்டும் காட்டினர்; அந்த எண் வெறும் 1/2 ஆக உள்ள, காந்தத்தை விவரிக்கும் எளிய ஐசிங் மாதிரியிலோ, இவ்வகைச் சார்புகளில் சில எவ்வளவு காலம் கழிந்தாலும் சரிவதில்லை. சமச்சீர் ஒன்றாகவே இருந்தும் நடத்தை வேறுபடுகிறது என்பதுதான் இத்துறையின் சுவையே.

ஆகவே ‘அழிவு’ என்ற சொல்லுக்குப் பதிலாகக் ‘கலப்பு’ என்று திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையை எங்கள் ஆய்வகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ‘அழிகிறது’ என்று வரும் இடங்களிலெல்லாம் அந்த மாணவி பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். திருத்தம் வந்தால் அதனருகிலேயே ஒட்டுவதற்கு இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.