கராஜில் இருக்கும் எங்கள் மன்றத்தின் வரலாற்றைக் காப்பாற்ற உதவுங்கள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

மேற்கு சிட்னியில் இருக்கும் எங்கள் டொக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் மன்றத்தின் பழைய செய்திமடல்களும் கசற்றுகளும் ஓர் அங்கத்தவர் வீட்டுக் கராஜில் பதினொரு பெட்டிகளில் இருந்தன. போன மழையில் இரண்டு பெட்டிகள் ஊறிப்போய்விட்டன. மிச்சம் ஒன்பதையாவது காப்பாற்றத்தான் உங்களிடம் வருகிறோம்.

ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு இவ்வளவு பாடா என்று சிலர் கேட்பார்கள். அந்தத் தொடருக்கு நடந்ததைக் கேளுங்கள். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கி, 1965 ஜனவரியில் இந்த நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி வழியாக ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. 1960களின் எபிசோடுகள் பலவற்றை, இனித் தேவைப்படாது என்று பிபிசியே பிறகு அழித்துவிட்டது. ஆனால் அவற்றின் ஒலி முழுவதும் இன்றைக்கும் இருக்கிறது. ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்தது அது. இந்த நாட்டில் நடந்தது இன்னும் அதிசயம். குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று தணிக்கையில் வெட்டிய துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1996இல் அவற்றைத் தேடிப் பிடித்தவர்கள் ஆஸ்திரேலிய ரசிகர்கள். முழு எபிசோடே அழிந்துபோக, பார்க்கக் கூடாது என்று வெட்டிய சில விநாடிகள் மட்டும் தப்பிவிட்டன!

1976இல் ஏபிசி இந்தத் தொடரை இனி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. ஆகஸ்ட் 24 அன்று ரசிகர்கள் சிட்னியில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பின்னர் ஏபிசி மனதை மாற்றிக்கொண்டது. இந்த நாட்டின் ரசிகர் மன்றங்கள் வளர்ந்தது அந்தச் சூட்டில்தான். எங்களுடையது அதற்குப் பல வருடங்கள் கழித்து வந்த சின்ன மன்றம்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் இதில் சேர்ந்தார்கள். ஆங்கிலம் தடுமாறிய ஒரு பெண்பிள்ளை எழுதிய முதல் கடிதம் மூன்றாம் பெட்டியில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் மடலைத் தட்டச்சு செய்ததே அவர்தான். தன் உலகத்தை விட்டு அலைகிற டொக்டர் என்ற நாயகனின் கதை எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் பிடித்தது என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 1989இல் தொடர் நின்றது, 2005இல்தான் திரும்ப வந்தது. இடையில் புதிய எபிசோடுகள் வராத அவ்வளவு காலமும் இவர்கள் மடலை மடித்து, முத்திரை ஒட்டி, அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

சரி, இப்போது வேலை என்ன? ஸ்டேபிள் கம்பிகள் துருப்பிடித்துத் தாளைத் தின்கின்றன. அவற்றைக் கழற்றி ஸ்கேன் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குக் காசு வேண்டாம். எங்கள் கூட்டங்களைப் பதிந்த கசற்றுகளைக் கணினிக்கு மாற்றுவதுதான் பெரிய செலவு. அப்புறம், தாள் மஞ்சளாகாமல் காக்கும் அமிலமற்ற பெட்டிகள் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,600 டொலர் தேவை. மடல்களில் உள்ள வீட்டு முகவரிகளை மறைத்த பிறகே மற்றவர்களுக்குக் காட்டுவோம்.

ஐந்து டொலரும் எங்களுக்குப் பெரிய உதவி. மாதாந்தக் கூட்டத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிப்போம். உங்கள் வீட்டு அலுமாரியில் எங்கள் பழைய மடல் ஏதும் கிடந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். நனைந்த இரண்டு பெட்டிகளில் இருந்தவற்றின் பிரதி உங்களிடம் மட்டும் இருக்கக்கூடும்.

அன்புடன்,
மன்றச் செயற்குழு