தலைக்கவசம் வேண்டும், தண்டப்பணம் வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு இருப்பதைப் போலவே துவிச்சக்கரவண்டி ஓட்டுவோருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க வேண்டும், அணியாதவர்களிடம் தண்டப்பணம் அறவிட வேண்டும் என்று அண்மையில் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். நிலாவெளி வீதியிலும் கன்னியா வீதியிலும் சைக்கிளில் செல்பவர்கள் படும் பாட்டைப் பார்த்த எவருக்கும் அப்படித்தான் எழுதத் தோன்றும். ஆயினும் தலைக்கவசம் நல்லது என்பது ஒன்று, அதைச் சட்டத்தின் மூலம் திணிக்க வேண்டும் என்பது வேறொன்று. முதலாவதை முழுமனதுடன் ஏற்றுக்கொள்ளும் நான், இரண்டாவதை ஏன் ஏற்க மறுக்கிறேன் என்பதைத் திருகோணமலை வீதிகளை மனதிற்கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

தலைக்கவசத்தின் உண்மையான வேலையைச் செய்வது வெளியே மினுங்கும் பிளாஸ்டிக் ஓடு அன்று. உள்ளே இருக்கும், நாம் ரெஜிபோம் என்று சொல்லும் பொருளின் இறுக்கமான வகையே அதைச் செய்கிறது. தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குதான் என்றாலும், அந்தச் சிறு நேரத்தில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைவதால் மூளைக்குப் போகும் அதிர்ச்சி பெருமளவு தணிகிறது. ஐரோப்பிய நியமமான ஈஎன் 1078 இன்படி இந்தக் கவசங்களை ஏறத்தாழ 1.5 மீற்றர் உயரத்திலிருந்து தட்டையான உலோகத் தளத்தின் மீது விழவிட்டுச் சோதிக்கிறார்கள். அது மணிக்கு 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் மோதுவதற்குச் சமமாகும். சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலையும் தரையிலிருந்து கிட்டத்தட்ட அந்த உயரத்திலேயே இருப்பதால், மணலில் சறுக்கி விழுவது, குழியில் முன்சில்லு இறங்கிக் குப்புறக் கவிழ்வது, இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டின் மீது ஏறிவிடுவது போன்ற விபத்துகளுக்கு அந்தக் காப்பு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வந்து மோதும் லொறிக்கு முன்னால் நிலைமை வேறு. இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், அதே தலை 20 இற்குப் பதிலாக 50 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்பட்டால் கவசம் தாங்கவேண்டிய சக்தி ஆறு மடங்குக்கு மேலாகிவிடும்.

இதைச் சொல்வதால் கவசத்தைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் 40 ஆய்வுகளைத் தொகுத்து, விபத்தில் காயமடைந்த 64,000 இற்கும் அதிகமான சைக்கிளோட்டிகளின் தரவுகளை 2016 ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்கள். தலைக்கவசம் அணிந்தவர்களிடையே தலைக்காயத்துக்கான வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவீதமும் குறைவாக இருந்ததாக அவர்கள் கண்டனர். இவ்வளவு மலிவான ஒரு பொருள் இவ்வளவு காப்பைத் தருவது சாதாரண விடயமன்று. ஆனால் அந்த இலக்கங்கள் யாரைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை ஏற்கெனவே விபத்தில் சிக்கியவர்களைப் பற்றியவை. விபத்து நடந்த பின்னர் கவசம் என்ன செய்கிறது என்பதை அவை நமக்குச் சொல்கின்றன. விபத்து நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையோ, சட்டம் போட்டால் வீதியில் என்ன நடக்கும் என்பதையோ அவற்றிடம் கேட்பதில் பயனில்லை.

சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய அவுஸ்திரேலியாவையே பார்க்கலாம். உலகிலேயே முதன்முதலாகத் துவிச்சக்கரவண்டிக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது அந்நாட்டின் விக்டோரியா மாநிலம், 1990 யூலையில். அதன் பின்னர் அங்கு தலைக்காயங்கள் குறைந்தன என்பது உண்மை. அதேவேளை மெல்பேர்ன் நகரில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் சைக்கிளில் செல்லும் பிள்ளைகளின் தொகையும், குறிப்பாகப் பதின்ம வயதினரின் தொகையும், கணிசமாகக் குறைந்திருந்தது. காயங்கள் குறைந்ததில் கவசத்தின் பங்கு எவ்வளவு, சைக்கிளே குறைந்துபோனதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. மெக்சிகோ நகரம் வாடகைச் சைக்கிள் திட்டம் வளரவேண்டும் என்பதற்காக 2010 இல் தனது தலைக்கவச விதியை நீக்கியது. அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டம் 2022 இல் நீக்கியது. அங்கு சொல்லப்பட்ட காரணம் நமக்கும் பாடமாக வேண்டியது: தண்டம் எழுதப்பட்டவர்களில் வீடற்றவர்களும் கறுப்பினத்தவர்களும் அளவுக்கு மீறி இருந்தார்கள்.

இங்கே தண்டம் எழுதப்படப்போவது யாருக்கு? விடியற்காலையில் ஐஸ் போட்ட மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு சாம்பல்தீவிலிருந்து ஊர் ஊராக மிதித்துச் செல்பவருக்கு. பாலையூற்றிலிருந்தும் அன்புவழிபுரத்திலிருந்தும் கூலி வேலைக்கு வரும் மேசனுக்கும் கையாளுக்கும். பாடசாலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே டியூசனுக்குச் செல்லும் பிள்ளைக்கு. சைக்கிளுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது, ஓட்டுபவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்ற நிலையில் அந்தத் தண்டத்தை யார் பெயரில் எழுதுவது என்பதையும் வாசகர் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் சட்டம் வெற்றி பெற்றிருக்கிறதே என்று கேட்கலாம். பெற்றிருக்கிறது, ஓரளவுக்கு. அநுராதபுரச் சந்தி வரும்வரை முழங்கையில் கோர்த்துக்கொண்டு வந்து, பொலிஸைக் கண்டதும் தலையில் கவிழ்ப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் கவசம் போட வேண்டியிருக்கிறதே என்பதற்காக எவரும் மோட்டார் சைக்கிளை விட்டுவிடுவதில்லை. சைக்கிளை விட்டுவிடுவார்கள். எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022 இல் கோடிப்புறத்தில் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் எண்ணெய் பூசப்பட்டு வீதிக்கு வந்ததையும், எரிபொருள் கிடைக்கத் தொடங்கியதும் அவற்றிற் பெரும்பாலானவை மறுபடியும் கோடிக்கே போனதையும் கண்டோம். எஞ்சியிருப்பவர்களையும் விரட்டுவதற்கு ஒரு சட்டம் தேவையில்லை.

யப்பான் இதற்கு நடுவழி ஒன்றைக் கண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்நாட்டில் எல்லா வயதினரும் சைக்கிளில் செல்லும்போது தலைக்கவசம் அணிய முயலவேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மீறினால் தண்டனை எதுவும் இல்லை. எது சரியானது என்பதை அரசு தெளிவாகச் சொல்கிறது, சொன்னதற்காக ஏழையின் சட்டைப்பையில் கைவைப்பதில்லை. நமது நாட்டில் ஏதாவது விதி வரத்தான் வேண்டுமென்றால் அது இவ்வகையானதாக இருக்கட்டும்.

தண்டனையுடன் கூடிய கண்டிப்பு எங்கேனும் தேவையென்றால் அது விளக்கில்தான் தேவை. சைக்கிளில் விளக்கில்லாமல் இரவில் சென்றால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயம் எங்கள் இளமைக்காலத்தில் இருந்தது. இன்று அது எவரிடமும் இல்லை. நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணியளவில் பொழுது சாய்ந்துவிடுகிறது, மாரி காலத்தில் அதற்கும் முன்னரே இருட்டிவிடுகிறது. தனியார் வகுப்புகள் விடுவதோ அதற்குப் பின்னர். ஏகாம்பரம் வீதியிலும் வித்தியாலயம் வீதியிலும் அந்நேரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மூவர் நால்வராகச் சேர்ந்து கதைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளின் சைக்கிள்களில் முன் விளக்கும் இராது, பின்னால் சிவப்பாக மினுங்கும் ஒரு ரிப்ளெக்டரும் இராது. பளிச்சென்ற விளக்கோடு எதிரே ஒரு வாகனம் வரும் கணத்தில், பின்னால் வரும் பஸ் சாரதியின் கண்ணுக்கு அப்பிள்ளைகள் வீதியில் இல்லவே இல்லை. தலைக்கவசம் அணிந்திருந்தாலும் அவர்கள் அவருக்குத் தென்படப்போவதில்லை. மட்காட்டில் ஒரு ரிப்ளெக்டர், பெடல்களில் இரண்டு, பற்றரியில் எரியும் சிறு சிவப்பு விளக்கு ஒன்று, இவ்வளவும் சேர்ந்தாலும் ஒரு நல்ல தலைக்கவசத்தின் விலை வராது. பழைய டைனமோ விளக்கு நின்றதும் அணைந்துவிடும் என்பதால் சந்தியில் காத்து நிற்கும்போது அது உதவாது. பற்றரி விளக்கே மேல்.

பாதுகாப்பு அணிகள் என்ற பேச்சில் எப்போதும் விடுபட்டுப்போகும் ஒன்றையும் இங்கு சொல்ல வேண்டும். கரியரில் பக்கவாட்டாகவோ இருபுறமும் கால்போட்டோ அமர்த்தப்படும் சின்னப் பிள்ளையின் குதிக்கால் பின்சில்லின் கம்பிகளுக்குள் போய்விடுவது நம் நாட்டில் மிகவும் பழகிப்போன விபத்து. குதிக்காலின் சதை கிழிந்து, மாதக்கணக்கில் மருந்து கட்டவேண்டி வரும் அந்தக் காயத்தைத் தடுக்க, சில்லின் இருபுறமும் ஒரு வலையையும், பிள்ளை கால் வைத்துக்கொள்ள ஒரு மிதியையும் பொருத்தினால் போதும். எந்தத் திருத்தகத்திலும் அரை மணி நேர வேலை அது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சங்கிலியில் சிக்காமல் இருக்கச் சங்கிலி மறைப்பு வேண்டும். புதிதாக வரும் கியர் சைக்கிள்களில் அந்த மறைப்பு இல்லாததைப் பெற்றோர் கவனிப்பதில்லை. மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் ஹாண்டிலுமாகச் செல்வதைப் பற்றி எழுதப்போனால் கடிதம் நீளும். மழைக்கோட்டு வாங்குங்கள் என்பதோடு விடுகிறேன்.

தலைக்கவசம் யாருக்கு அவசியம் என்று என்னிடம் கேட்டால், பிள்ளைகளுக்கும், கிண்ணியா வீதி, நிலாவெளி வீதி, கந்தளாய் வீதி போன்ற நெடுவீதிகளில் செல்வோருக்கும், உப்புவெளியில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துப் பழக்கமில்லாத வீதியில் ஓட்டும் உல்லாசப் பயணிகளுக்கும் என்பேன். சைக்கிளை வாடகைக்கு விடுவோர் அதனுடன் ஒரு கவசத்தையும் கொடுப்பது அவர்களுடைய தொழிலுக்கே மதிப்பாகும். வாங்கும்போது ஈஎன் 1078 அல்லது அதற்கிணையான நியமம் உள்ளே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கிறதே என்று மோட்டார் சைக்கிள் கவசத்தைப் பிள்ளையின் தலையில் மாட்டிவிட வேண்டாம். அது ஒரு கிலோவுக்கு மேல் பாரமானது, காற்று புகாதது, பின்னால் வரும் வாகனத்தின் சத்தத்தையும் மறைப்பது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பவர் ஒரு நாள் போடுவார், மறுநாள் போடமாட்டார். சைக்கிளுக்கென்றே செய்யப்பட்டது ஏறத்தாழ 300 கிராம் அளவில்தான் இருக்கும், காற்றுப்போக வழிகளும் உண்டு. அதைப் பிடரிக்குத் தள்ளாமல், புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்குமாறு மட்டமாக அணிந்து, நாடாவை இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டால், வெடிப்பு வெளியே தெரியாவிட்டாலும், அதை வைத்திருக்க வேண்டாம்.

இவையெல்லாம் சைக்கிள் ஓட்டுபவர் செய்யக்கூடியவை. மறுபக்கத்தை எவரும் பேசுவதில்லை என்பதே என்னுடைய ஆதங்கம். காப்பெற் போட்ட வீதியின் விளிம்பு மண்ணிலிருந்து ஒரு சாண் உயர்ந்து நிற்கும் இடங்களில், ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ் பின்னால் வரும்போது சைக்கிள்காரர் இறங்குவதற்கு இடமில்லை. இறங்கினால் விழுவார், இறங்காவிட்டால் அடிபடுவார். நகருக்குள் பகலில் மான்களும் இரவில் கட்டாக்காலி மாடுகளும் வீதியைத் தமதாக்கிக்கொள்கின்றன. மான்கள் நமக்குப் பெருமை, இருக்கட்டும். மாடுகளுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் நகரில் கூடிய நாடுகளின் வீதிப் பாதுகாப்பு மாநாடு, பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீற்றராக இருக்கவேண்டும் என்று அறிவித்தது. பெரும்பாலானோர் தலைக்கவசம் அணியாத நெதர்லாந்தில் முதியவர்களும் பிள்ளைகளும் அச்சமின்றிச் சைக்கிளில் செல்வது தனிப் பாதைகளாலும் இவ்வாறான வேகக் கட்டுப்பாட்டினாலும்தான். நமக்குத் தனிப் பாதை உடனே கிடைக்கும் என்று நான் கனவு காணவில்லை. பிரதான வீதியிலும் பாடசாலைகளைச் சூழவுள்ள வீதிகளிலும் காலையிலும் மாலையிலும் வேகத்தைக் குறைப்பதற்குப் புதிய வீதி எதுவும் போடவேண்டியதில்லை.

மாரி தொடங்குவதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்கு முன்னர் ஒவ்வொரு பாடசாலையும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, சைக்கிளில் வரும் மாணவர்களின் வண்டிகளில் பிறேக், பெல், முன் விளக்கு, பின் ரிப்ளெக்டர் ஆகியவற்றைப் பரிசோதிக்கலாம். இல்லாதவர்களுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் ரிப்ளெக்டர்களை வாங்கிக் கொடுக்கலாம். வசதியுள்ள பெற்றோர் தலைக்கவசத்தையும் வாங்கட்டும். போக்குவரத்துப் பொலிஸார் முதல் மாதம் எச்சரித்து, இரண்டாம் மாதம் முதல் விளக்கில்லாத வண்டிகளை நிறுத்தி, விளக்குப் பூட்டிக்கொண்டு வந்து காட்டியதும் விடுவிக்கலாம். தனியார் வகுப்பு நடத்துவோர் மாலை வகுப்பை அரை மணி நேரம் முன்னதாக முடிப்பதைப் பற்றியும் யோசிக்கலாம். இவற்றை முதலில் செய்துபார்த்து, அடுத்த மாரி முடிந்த பின்னர் தலைக்கவசச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி,
திருகோணமலை.