அந்த 35,000 பேரின் கணக்கு

அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இணையத்தில் ஒருவர் கணினியிலிருக்கும் பாட்டை இன்னொருவர் இறக்கிக்கொள்ள வழி செய்த நாப்ஸ்டரை மூட வைத்தீர்களே என்று சண்டை போட இந்த மடலை எழுதவில்லை. ஷான் ஃபேனிங் என்ற கல்லூரி மாணவர் 1999 ஜூனில் அதை வெளியிட்டார். டிசம்பரில் நீங்கள் வழக்குப் போட்டீர்கள். 2001 ஜூலையில் அது நின்றுபோனது. பாடியவர்களின் அனுமதி இல்லாமல் பாட்டுகள் கை மாறியது உண்மை. வெளியாகாத தங்கள் பாட்டு ஒன்று அதில் சுற்றுவதைப் பார்த்து மெட்டாலிகா குழுவினர் கொதித்ததிலும் நியாயம் இருந்தது. ஒரு நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தீர்கள், ஜெயித்தீர்கள். சரி. நான் கேட்பது அதற்கப்புறம் நடந்ததை.

2003 செப்டம்பர் 8 அன்று இணையத்தில் பாட்டுப் பகிர்ந்ததாக 261 தனி ஆட்கள் மீது வழக்குத் தொடுத்தீர்கள். அதில் ஒருத்தி நியூயார்க்கில் குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி. மறுநாளே 2,000 டாலருக்குச் சமரசம் முடிந்தது. நாப்ஸ்டர் போலவே பாட்டுப் பகிர உதவிய கசா மென்பொருளுக்குப் பணம் கட்டியிருந்ததால் அது சட்டப்படியானது என்றே அந்தக் குடும்பம் நம்பியிருந்தது.

அப்படி நம்பியதில் என்ன ஆச்சரியம்? பாட்டின் பெயரைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். ஒன்றைச் சொடுக்கிவிட்டு, டயல்-அப் இணைப்பில் கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். முக்கால்வாசி இறங்கியபிறகு எதிர்முனைக்காரர் இணைப்பைத் துண்டித்தால் போச்சு, மறுபடி வேறு ஆளைத் தேட வேண்டும். ஒருவழியாக இறங்கிய பாட்டு ஒரு கோப்புறையில் போய் உட்காரும். நாமாகப் போய் அமைப்பை மாற்றாதவரை, அந்தக் கோப்புறை ஊர் உலகத்துக்கே திறந்து கிடக்கும். நீங்கள் பிடித்துக்கொண்டது அந்தத் திறந்த கோப்புறையைத்தான். பாட்டுக் கேட்க வந்த பிள்ளை உங்கள் மனுவில் விநியோகஸ்தர் ஆகிவிட்டாள்.

உங்கள் நாட்டுச் சட்டப்படி ஒரு பாட்டுக்கு 750 டாலரில் தொடங்கி 1,50,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். அந்தத் தொகையைக் காட்டினால் யார் எதிர்த்து நிற்பார்கள்? வக்கீல் வைக்கும் செலவுக்குச் சமரசமே தேவலை என்று கட்டினார்கள். 2007-இல் மாணவர்களுக்கான சமரசக் கடிதங்களைக் கல்லூரிகள் வழியாகவே அனுப்பினீர்கள். கிரெடிட் கார்டில் பணம் கட்ட ஓர் இணையதளமும் வைத்தீர்கள். துணிந்து நின்ற ஒரு பெண்ணுக்கு எதிராக, 24 பாட்டுகளுக்கு 19.2 லட்சம் டாலர் என்று 2009-இல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பல சுற்று வழக்குக்குப் பிறகு மேல்முறையீட்டில் அது 2,22,000 டாலரில் நின்றது.

உங்கள் பெரிய உறுப்பினர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிடிக்களைக் குறைந்த விலைக்கு விளம்பரம் செய்யும் கடைகளுக்கு விளம்பரப் பணம் கிடையாது என்று ஐந்து பெரிய இசை நிறுவனங்களும் கட்டுப்பாடு வைத்திருந்தன. இதனால் மூன்று ஆண்டுகளில் மக்கள் சுமார் 48 கோடி டாலர் அதிகம் கொடுத்திருப்பார்கள் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2000-இல் மதிப்பிட்டது. ஆணையத்திடம் அவர்கள் அபராதம் கட்டவில்லை; இனிமேல் செய்யமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள், முடிந்தது. அப்புறம் மாநிலங்கள் போட்ட வழக்கையும் தவறை ஒப்புக்கொள்ளாமலே பேசி முடித்தார்கள். அந்தப் பெருந்தன்மையில் ஒரு துளி அந்தச் சிறுமிக்கு ஏன் கிடைக்கவில்லை?

காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த 261 வழக்குகளுக்கு நாலு மாதம் முன்புதான் ஆப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் இணையக் கடை திறந்தது. பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் விற்றது.

இப்படிக் கூட்டமாக வழக்குப் போடுவதை 2008 டிசம்பரில் நிறுத்திக்கொண்டீர்கள். அதற்குள் ஏறக்குறைய 35,000 பேர் மாட்டியிருந்தார்கள். எல்லாம் கலைஞர்களுக்காக என்றுதானே சொன்னீர்கள்? அப்படியானால் கணக்கை வெளியிடுங்கள்: ஆண்டுவாரியாக வசூலான சமரசத் தொகை எவ்வளவு, வக்கீல்களுக்குப் போனது எவ்வளவு, பாடியவர்கள், வாசித்தவர்கள், எழுதியவர்கள் கைக்குச் சேர்ந்தது எவ்வளவு. சிறுவர்கள் சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள். பழைய தீர்ப்புகளில் இன்னும் வசூலிக்காத பாக்கி யார் பெயரிலாவது இருந்தால், அதைத் தள்ளுபடி செய்யுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் காலத்தில் பாட்டுக்காகக் காத்திருந்த ஒரு ரசிகன்