கல்லீரல் ரிப்போர்ட்டில் அச்சாகாத ஓர் எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழுப்புக் கல்லீரல் பற்றிய தங்கள் சிறப்புக் கட்டுரை எடை, உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் நன்றாகவே விளக்கியது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் என்சைம்கள் நார்மலாக இருந்தால் கவலை வேண்டாம் என்ற வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. ரிப்போர்ட்டை வாங்கியதும் தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். இல்லையென்றால் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் என்சைம் நார்மலாக இருப்பவர்களிலும் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு உண்டு. சிலருக்கு ஈரலில் தழும்பே (ஃபைப்ரோசிஸ்) முற்றியிருக்கும். தழும்பு கூடக்கூட எஸ்.ஜி.பி.டி. இறங்கி, எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு என்சைம் அதை முந்துவதும் உண்டு. ஆகவே எண் இறங்கியதை வைத்து ஈரல் தேறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் கிரேடு 1, 2, 3 என்பது கொழுப்பின் அளவு. நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது தழும்பு. அதற்குத் தனி நிலைகள், எஃப்0 முதல் எஃப்4 வரை. எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை. கிரேடு 1 தானே என்று நிம்மதியாக இருப்பவருக்கு எஃப்3 இருக்கக்கூடும்.

இதைச் சல்லடை போட ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. 2006-ல் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காக உருவான இது, இன்று கொழுப்புக் கல்லீரலுக்கும் முதல் படியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்க வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுக்க வேண்டும். 54 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 45, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 54-ஐ 45-ஆல் பெருக்கினால் 2430. ஒன்றரை லட்சம் என்பது 150 ஆயிரம்; 36-ன் வர்க்கமூலம் 6. 150-ஐ 6-ஆல் பெருக்கினால் 900. விடை 2.7. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பதறாத எண்கள்தான். ஆனால் 2.67-ஐத் தாண்டினாலே தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த வரம்பு 2. தட்டணுக்கள் இந்தக் கணக்கில் வரக் காரணம் உண்டு: ஈரல் இறுகினால் மண்ணீரல் வீங்கி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இது நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல. 35 வயதுக்குக் கீழே அவ்வளவாக நம்ப முடியாது. டெங்கு போன்ற காய்ச்சலில் தட்டணுக்கள் இறங்கி எஸ்.ஜி.ஓ.டி. ஏறுவதால், அப்போது எடுத்த ரத்தத்தை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. எண் கூடுதலாக வந்தால் அடுத்து ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், அல்லது தழும்புத் திசு உருவாகும்போதும் சிதையும்போதும் ரத்தத்தில் கலக்கும் பொருள்களை அளக்கும் ஈ.எல்.எஃப். பரிசோதனை. ஈரல் திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும் பயாப்சி பலருக்குத் தேவைப்படாமலே போகும்.

நிலை தெரிவது முன்னைவிட இப்போது அவசியம். எஃப்2, எஃப்3 நிலைகளில் இருப்பவர்களுக்கான முதல் மருந்தான ரெஸ்மெட்டிரோமுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிரோசிஸ் வந்தபின் அந்த அனுமதி பொருந்தாது.

கணக்குக்கு வேண்டிய மூன்று அளவுகளும் வயதும் ஏற்கெனவே எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. விடையையும் ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டுக் கொடுக்க எல்லாப் பரிசோதனைக் கூடங்களும் முன்வர வேண்டும். அதுவரை, சூத்திரத்தையும் வரம்புகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். சர்க்கரை நோயாளிகள் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

இப்படிக்கு,
பரிசோதனைக் கூடப் பணியாளர் ஒருவர்