சான் ஹோசே மாவு ஆலையில் எங்கள் அம்மாவுக்குத் துணையிருந்தவருக்கு நன்றி

அன்புடையீர்,

அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார். டெக்சாஸின் சான் அன்டோனியோவில், ஸ்பானியர் காலத்துக் கிறித்தவ மடமான மிஷன் சான் ஹோசேயைப் பார்க்கப் போன இடத்தில் அவருக்குத் திடீரென உடல்நலம் குன்றியதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. முதலுதவி செய்து அவசர ஊர்தியில் ஏற்றியவர்களுக்கும், இரவெல்லாம் கண்விழித்துக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் ரசம் சாதமும் வெந்நீரும் கொண்டுவந்த சான் அன்டோனியோ தமிழ்க் குடும்பங்களுக்கும், பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்ட நண்பர்களுக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவர் மிஷன் சான் ஹோசேயின் வடக்கு மதிலை ஒட்டியுள்ள பழைய மாவு ஆலையில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் தன்னார்வலர். பெயர் எங்களுக்குத் தெரியாது.

அந்த ஆலையைப் பார்க்க ஆசைப்பட்டவர் அப்பாதான். ஊரில் நெடுங்காலம் மாவு மில் நடத்திய அவருக்கு, 1794 வாக்கில் கட்டப்பட்ட ஓர் ஆலை பல்சக்கரம் ஒன்றுகூட இல்லாமல், கால்வாய்த் தண்ணீரின் விசையை மட்டும் நம்பிக் கோதுமை அரைத்தது என்பதைக் கேட்டதிலிருந்து அதே நினைவாக இருந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு அன்று வாய்க்கவில்லை.

அப்பாவுடன் நான் ஊர்தியில் ஏறிவிட்டேன். அம்மாவுக்கு அதில் இடமில்லை. ஆங்கிலமோ ஸ்பானிஷோ அறியாத அவரை, ஆஸ்டினிலிருந்து தம்பி வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டவர் அந்தத் தன்னார்வலர் அம்மையார். தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் அழுதுகொண்டிருந்த அம்மாவைக் கைபிடித்து, வெயில் படாத ஆலையின் உள்ளே அழைத்துச் சென்று உட்காரவைத்திருக்கிறார். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கற்களைப் பார்த்ததும் அம்மா தன்னையறியாமல் திருகை சுற்றுவதுபோல் கையைச் சுழற்றிக் காட்ட, அவர் அதைப் புரிந்துகொண்டார். கால்வாய் நீர் தொட்டியில் நிறைந்து, அடியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாகப் பீறிட்டு, படுக்கைவாட்டில் கிடக்கும் மரச்சக்கரத்தின் இதழ்களில் மோதுவதையும், அச்சக்கரத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும் அச்சு நேராக மேற்கல்லைச் சுழற்றுவதையும் விரல்களாலேயே விளக்கினாராம். பிறகு விளக்கத்துக்காக வைத்திருந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அம்மா அதைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் நைசாக அரைக்கலாம்” என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். தம்பி வந்து பார்த்தபோது இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். அம்மா தண்ணீர் குடித்திருந்தார்.

அப்பாவைக் காப்பாற்ற அன்று பலர் இருந்தார்கள். அம்மாவுக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான். பாஷை தெரியாத இடத்தில், கணவரை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதுகூடத் தெரியாமல் நின்ற ஒரு பெண்ணுக்கு, வாழ்நாளெல்லாம் தன் கை அறிந்த ஒரு வேலையை அந்த நேரத்தில் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்று இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

வீடு திரும்பியபின் அந்த இடத்தைப் பற்றி மேலும் படித்தேன். ஸ்பானியர்கள் கோதுமை ரொட்டிக்காக அந்த ஆலையைக் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, மிஷனில் வாழ்ந்த அம்மண்ணின் பெண்கள் மண்டியிட்டுக் கல்லில் மக்காச்சோளம் அரைத்து வந்திருக்கிறார்கள். மிஷனின் வயல்களுக்கும் பிறகு இந்த ஆலைக்கும் ஆற்றுநீரைக் கொண்டுவந்த கால்வாய்களும் அங்கே குடியமர்த்தப்பட்ட கோவாவில்டெகன் பழங்குடி மக்களின் உழைப்பே. அடுத்த முறை அங்கே போகும்போது அவர்களையும் நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

மருத்துவர் அனுமதித்ததும் அப்பாவை அழைத்துச் செல்லப் போகிறோம். கற்களுக்கு இடையிலான இடைவெளியை எப்படிக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று கட்டிலில் இருந்தபடியே அவர் கேட்கத் தொடங்கிவிட்டார். அவருக்கான பதில் அந்த அம்மையாரிடம்தான் இருக்கும்.

இந்நகரில் யாரையேனும் அவசர ஊர்தியில் ஏற்றிச் சென்று, பாஷை தெரியாத அம்மாவோ பாட்டியோ பின்னால் தனித்து நிற்க நேர்ந்தால், எந்த நேரமானாலும் என்னை அழையுங்கள். நான் வந்து அவர்களுடன் உட்கார்ந்திருப்பேன்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவர்