வேலை போன அன்றே பாஸும் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தாயிற்று. ஓடுபாதை, புது முனையம் என்று ஊரெல்லாம் பேச்சு. சரி, உள்ளே வேலைக்கு வரப்போகும் ஆட்களின் நுழைவு பாஸ் பற்றி யாராவது பேசுகிறோமா?

1987 டிசம்பரில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் அமெரிக்க விமான நிறுவன ஊழியர், தன்னிடமிருந்து திரும்ப வாங்காமல் விட்ட அடையாள அட்டையை வைத்துச் சோதனையைத் தாண்டி, துப்பாக்கியோடு விமானம் ஏறினார். கலிபோர்னியாவில் அந்த விமானம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். வேலை போனதும் அட்டையைப் பிடுங்க வேண்டும் என்ற விதி அங்கே அதற்கு அப்புறம்தான் வந்தது.

நம் நாட்டில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் விதிப்படி, பின்னணி விசாரித்துத்தான் பாஸ் தருகிறார்கள். எந்தப் பகுதிக்குள் போகலாம் என்பதும் அதிலேயே இருக்கும். கேட்டில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை நிற்கிறது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் துப்புரவு, லோடிங், கடைகள் எல்லாம் காண்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் நின்றுபோனால் அதைச் சொல்ல வேண்டியவர் காண்ட்ராக்டர். அவருக்கு என்ன அவசரம்?

நான் ஸ்பின்னிங் மில்லில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் காலம் தள்ளியவன். ஒரே ஆள் நாலு பேர் கார்டையும் பஞ்ச் பண்ணுவான், மற்ற மூவரும் எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். விரல்ரேகை மெஷின் வந்ததும் அது நின்றது. நிற்காதது ஒன்று உண்டு: கதவைத் திறந்தவர் "வாங்கண்ணா" என்று பின்னால் வருபவருக்கும் பிடித்துக்கொண்டு நிற்பது. நம் பக்கத்து மரியாதை அப்படி! எந்த மெஷினும் அதைக் கேட்காது. ஒரு ரேகைக்கு ஓர் ஆள் மட்டும் நுழையும் சுழல்கதவு வைத்தால்தான் உண்டு. உள்ளே போன பாஸ் வெளியே வராமலே மறுபடி உள்ளே கேட்டால், கதவு திறக்காமல் அலாரம் அடிக்கவும் வேண்டும்.

மில்லில் கார்டைத் திருப்பித் தராமல் யாருக்கும் கணக்கு முடிக்க மாட்டோம். அதே வழியைக் காண்ட்ராக்டருக்கும் வைக்கலாம். நின்றுபோன ஆளின் பாஸை அன்றே ஒப்படைத்து முடக்காவிட்டால் அந்த மாத பில் கிடையாது என்று, புது முனையத்துக்கு டெண்டர் விடும்போதே எழுதிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற மில் ஊழியர்,
சிங்காநல்லூர், கோவை.